பிரிட்ஜில் இருந்த இரண்டு பாட்டில்கள்

பெனாசிருக்குத் தண்ணீர் மேல் பயம் பிடித்தது 2005ஆம் வருஷம், பாடப்புத்தகப் பார்சல் வந்த மறுவாரம். அதுவரைக்கும் லப்பைக்குடிக்காட்டில் எல்லாரும் எப்படிக் குடித்தார்களோ அப்படித்தான் அவளும் குடித்தாள். பானை மூடியைத் திறந்து, ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் முடிந்தது.

பத்தாவதோடு அவளை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் பல பெண்பிள்ளைகளுக்கு அதுதான் கணக்கு என்பதால் அவளும் பெரிதாக அழவில்லை. தம்மாமில் பாத்திரக் கடையில் வேலை பார்த்த அவளுடைய அத்தா காதர் பாட்சாதான் ஒரு வெள்ளிக்கிழமை போனில் அந்தச் செய்தியைச் சொன்னார். திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறதாம், வீட்டிலிருந்தே ப்ளஸ் டூ எழுதலாமாம், அறையில் கூடத் தங்கியிருக்கிற ஆளின் தங்கச்சி எழுதிப் பாஸாகி இப்போது டீச்சராக இருக்கிறாளாம். அம்மா ரஷீதா நெடுநேரம் யோசித்து ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரம்பலூர் வகுப்புக்குப் போகலாம், சாயங்கால அசர் பாங்குக்கு முன்னால் வூடு வந்து சேர்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

பாடம் தேர்ந்தெடுக்கிற இடத்தில் பெனாசிர் ஒரு தந்திரம் செய்தாள். இயற்பியல், வேதியியல் என்றால் செய்முறைக்கு நாள் கணக்கில் அலைய வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியலுக்கு ஒரு ப்ராஜெக்ட், ஒரே ஒரு நாள் செய்முறைத் தேர்வு. மரம், மழை, காற்று, இதில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று அதைக் குறித்துக் கொடுத்தாள்.

புத்தகம் முழுக்க இங்கிலீஷில் வந்தது. தமிழில் படித்து வந்தவள், வரிக்கு மேல் பென்சிலால் அர்த்தம் எழுதிக்கொண்டே போனாள். ஐந்தாம் பாடத்தில் ஒரு அட்டவணை இருந்தது. தண்ணீரால் வரும் நோய், அதன் கிருமி, குடித்த எத்தனை நாளில் தெரியும், அறிகுறி என்ன. மூன்றாவது வரிசைக்கு அர்த்தம் எழுதி முடித்தபோது பென்சில் நின்றுவிட்டது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் குழி விழுதல், உச்சிக்குழி உள்வாங்குதல். ஒன்றிலிருந்து மூன்று நாள்.

அது உசாமா. அக்கா மர்ஜியாவின் முதல் பிள்ளை. 2003இல் பிறந்து முப்பத்தெட்டாம் நாள் போய்விட்டான். இரண்டே நாள் வயிற்றுப்போக்கு. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வேன் போய்ச் சேர்ந்தபோது மர்ஜியாவின் மடியில் இருந்தது வெறும் துணி மூட்டை மாதிரிதான் இருந்தது. அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். துபாயிலிருந்த அவன் அத்தா ஆசிப், பிள்ளையைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. அந்த முப்பத்தெட்டு நாளில் பிள்ளையின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அதில் பெனாசிரும் உண்டு. பானைத் தண்ணீரில், விரலால்.

அந்த வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மர்ஜியா மறுபடியும் முழுகாமல் இருந்து தாய்வீட்டுக்கு வந்தபோது பெனாசிரின் பயம் வீடு முழுக்கப் பரவியது. குடிக்கிற தண்ணீரெல்லாம் கொதிக்க வேண்டும். கொதிப்பது என்றால் குமிழி புரள வேண்டும். டம்ளரை வெந்நீரில் அலச வேண்டும். மொண்ட சொம்பில் விரல் படக்கூடாது. பரீட்சைக்குப் படிக்கிறாளா, நம்மளை வச்சுப் பரீட்சை பண்றாளா என்று ரஷீதா தெருவில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். மர்ஜியா சிரிக்கவில்லை. ஒரு நாள் புத்தகத்தை வாங்கி, பென்சில் கோடு போட்ட வரியில் விரலை வைத்து, இதுதானா என்று கேட்டாள். பெனாசிர் தலையாட்டினாள். அதற்குப் பிறகு தங்கச்சியை விட அக்காவுக்குத்தான் பயம் அதிகம்.

பெரம்பலூர் வகுப்பில் பெனாசிருக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி மேகலா. அரியலூர்க்காரி. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டோரம் வீடு. இலைகளில் படிகிற தூசியை எடை போடுவதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். வேப்பிலையை உதறினால் மாவு சலித்த மாதிரி கொட்டும் என்பாள். தன் ஊரில் இட்லிக்கு மாவே அரைக்க வேண்டாம், முறத்தை வாசலில் வைத்தால் போதும் என்று அவள் சொன்னபோது வகுப்பு எடுக்க வந்த பாலசுந்தரம் சாரே சிரித்துவிட்டார்.

பெனாசிருக்கு வெள்ளாற்றைக் கொடுத்தார் சார். ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் ஆறு. கோடையில் ஒழுக்கு இருக்காது. மணலைத் தோண்டி ஊற்று எடுப்பார்கள். ஊர்ச் சாக்கடை ஆற்றில் இறங்குகிற இடத்திலிருந்து நூறடி தள்ளி இருந்த ஊற்றை எடுத்துக்கொண்டாள் அவள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இவ்வளவு தெளிவாக இருப்பதில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டே சாரிடம் கொடுத்தாள். சார் அதில் கொஞ்சத்தை, மருந்து தடவிய தாள் போட்ட சின்னக் குப்பி ஒன்றில் ஊற்றி அவளிடமே கொடுத்து, இதை வீட்டில் ஒரு நாள் மூடி வை, மலக்கிருமி இருந்தால் கறுக்கும் என்றார். மறுநாள் காலையில் குப்பியைப் பார்த்தாள். மை ஊற்றிய மாதிரி இருந்தது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மீதித் தண்ணீரில் கடினத்தன்மை பார்த்தார்கள். குடுவையில் சிவப்பாக இருப்பது, சொட்டுச் சொட்டாக மருந்து விடவிட நீலமாக மாற வேண்டும். அவளுடைய ஊற்றுத் தண்ணீர் ஒன்பது மில்லியில் மாறியது. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் ஒன்பதுதான். தேர்வன்று புதிதாகத் தண்ணீர் எடுத்து வந்து இதையே செய்து காட்ட வேண்டும், இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்றார் சார்.

2006 ஏப்ரலில் தேர்வு. மர்ஜியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து சரியாக ஏழாம் நாள் அது. ஏழாம் நாள்தான் முடி இறக்கிப் பெயர் வைப்பார்கள், அக்கம்பக்கம் எல்லாம் வரும். அன்றைக்குப் போய் சித்திக்காரி வீட்டில் இல்லாமல் போவதா என்று ரஷீதாவுக்குக் கோபம். காதர் பாட்சா போனில் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் காலை, தயிர்க்கார ஆண்டாயியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பெனாசிர் ஊற்றுக்குப் போனாள். தண்ணீர் எடுக்கச் சுத்தமான, வாடை இல்லாத, இறுக்கமாக மூடுகிற பாட்டில் வேண்டும். வீட்டில் எண்ணெய்ப் பாட்டில் இருந்தது, வாடை போகாது. சாயம் ஒட்டிய கூல்டிரிங்ஸ் பாட்டில் இருந்தது. அப்புறம் ஜம்ஜம் பாட்டில்கள். அத்தா உம்ரா யாத்திரை போனபோது மக்காவிலிருந்து கொடுத்தனுப்பிய புனிதத் தண்ணீர் அது. ரஷீதா அதைக் கேனிலிருந்து ஒரே மாதிரியான வெள்ளைச் சின்னப் பாட்டில்களில் பிரித்து வைத்திருந்தாள். காலியானதில் ஒன்றை எடுத்துக் கொதிநீரில் மூன்று முறை அலசி எடுத்துப் போனாள் பெனாசிர். அதை எடுக்கும்போது அவள் மனசில் ஒன்றும் தோன்றவில்லை. அதைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை.

தண்ணீர் கெடாமல் இருக்கக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. ‘வெள்ளாறு ஊற்று, குடிக்காதீர்’ என்று தாளில் எழுதிப் பசையால் ஒட்டி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தாள். விருந்தாளிகளுக்காக எடுத்து வைத்த ஜம்ஜம் பாட்டில் மேல்தட்டில் இருந்தது.

தேர்வு நாள். விடியற்காலையில் இருட்டோடு குளித்து, பாட்டிலைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ் பிடித்தாள். போவதற்கு முன்னால் குழந்தையை எட்டிப் பார்த்தாள். கை இரண்டும் முஷ்டி பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. உச்சிக்குழி தூக்கத்தில் மெல்ல ஏறி இறங்கியது. அதைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு இப்போதெல்லாம் முடிவதில்லை.

பத்து மணிக்குச் செய்முறை ஆரம்பித்தது. பக்கத்து மேசையில் மேகலா வேப்பிலைகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பெனாசிர் குடுவையில் தண்ணீரை அளந்து ஊற்றி மருந்தை விட்டாள். ஒன்பது மில்லி வந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. பத்து. பன்னிரண்டு. பதினாறு. அளவு தவறி அதிகமாக விட்டுவிட்டோமோ என்று பயந்து, கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்தாள். இருபதில்தான் நீலமானது.

பெயில் ஆகிவிடுவோம் என்ற பயம்தான் முதலில் வந்தது. மருந்து மாறியிருக்குமோ என்று மேகலாவின் மேசையில் இருந்த அதே மருந்துப் புட்டியிலிருந்து கொஞ்சம் வாங்கிப் பார்த்தாள். அதே இருபது. பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். அவள் எழுதிய தாள்தான் ஒட்டியிருந்தது. ஆனால் சற்றுக் கோணலாக இருந்தது. பசைக்குப் பதிலாக ஓரத்தில் ஒரு பருக்கைச் சோறு காய்ந்திருந்தது.

அவள் சோற்றுப் பருக்கையால் ஒட்டவில்லை.

ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது முதல் விதி. பெனாசிர் பாட்டில் மூடியில் இருந்த ஒரு சொட்டை நாக்கில் தொட்டுக்கொண்டாள். லேசான உப்பு, லேசான கனம். நோன்பு காலத்தில், காய்ச்சல் வந்தபோதெல்லாம், சின்ன வயசிலிருந்து அவளுக்குத் தெரிந்த ருசி.

நேற்று மத்தியானம் அம்மா விருந்துக்காகப் பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் தாள் கழன்று விழுந்திருக்கும். மகளின் பரீட்சைத் தாள் ஆயிற்றே என்று எடுத்து, பக்கத்தில் இருந்த சோற்றால் ஒட்டியிருப்பாள். இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டில்.

அப்படியானால் மேல்தட்டில் இருப்பது எது?

“சார், என் பாட்டில் மாறிடுச்சு.”

பாலசுந்தரம் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன, வந்த அளவை எழுது, மார்க் போடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார்.

“அந்தத் தண்ணி வூட்ல இருக்கு சார். இன்னக்கிப் புள்ளைக்குப் பேர் வைக்கிறாங்க. ஜம்ஜம்னு நெனச்சு வாயில வைப்பாங்க.”

அவர் முகம் மாறியது. ஆனாலும் வெளியே இருந்து வந்த இன்னொரு தேர்வாளர் அங்கே உட்கார்ந்திருந்தார். “இப்ப எந்திரிச்சுப் போனா ஆப்சென்ட்டுதாம்மா. என் கையில இல்ல.”

குடுவையில் இருந்ததை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஜம்ஜமைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை கொட்டியாயிற்று. குடுவையை அப்படியே மேகலாவின் கையில் கொடுத்து, செடி ஏதாவது இருந்தால் அதில் ஊற்றிவிடு என்று சொல்லிவிட்டு ஓடினாள். சாயம் கலந்த அந்தத் தண்ணீரை எந்தச் செடியில் ஊற்றுவது என்று மேகலா கேட்டது பின்னால் கேட்டது.

தெருமுனை எஸ்டிடி பூத்தில் வீட்டு எண்ணைச் சுற்றினாள். எங்கேஜ்டு. பெயர் வைக்கிற வீட்டுக்கு தம்மாமிலிருந்தும் துபாயிலிருந்தும் மாறி மாறிப் போன் வரும். ஐந்து தடவை சுற்றினாள், ஐந்து தடவையும் அதே சத்தம். பக்கத்து வீட்டு எண் அவளுக்கு மனப்பாடமில்லை. எத்தனை நோயின் பெயர் மனப்பாடம் ஆகியிருக்கிறது, இது ஆகவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் மக்காச்சோளக் காடும் பருத்திக் கொல்லையும் போய்க்கொண்டே இருந்தன. ஏழு நாள் குழந்தை. ஒரு சொட்டில் எத்தனை கிருமி? அதைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அதை நினைவுக்கு வர விடாமல் இருக்க அவள் தெரிந்த துஆ எல்லாம் ஓதினாள். அந்தப் பத்தி துஆவுக்கு நடுவில் இங்கிலீஷில் வந்து வந்து நின்றது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏறினார்கள். ஒரு கிழவர் கோழியோடு ஏறினார், கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் கேட்டார், பஸ்ஸே சிரித்தது. அவள் விட்ட இடத்திலிருந்து துஆவைத் தொடங்கினாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்திருந்தன. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து பாங்கு சொல்லிப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். சமையல்கட்டுத் திட்டில் வெள்ளைப் பாட்டில் காலியாகப் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் பேரீச்சங்கொட்டைகள்.

புர்காவைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் போனாள். மர்ஜியா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள வாயில ஜம்ஜம் வச்சாங்களா?”

மர்ஜியா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். விருந்தாளிகள் வருவதற்கு முன்னாலேயே அவள் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, பால் பாத்திரத்தில் காய்ச்சி, ஆற வைத்து, அதைத்தான் பிள்ளை வாயில் தொட்டு வைக்கக் கொடுத்தாளாம். ஜம்ஜமைக் காய்ச்சியது பாவமா என்று காலையிலிருந்து நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறதாம்.

“எவ்வளவு நேரம் காய்ச்சின? குமிழி பொரண்டுச்சா?”

“ஆவி வந்துச்சு, எறக்கிட்டேன். ஏன்டி?”

சூடானதா, கொதித்ததா என்பதற்கு நடுவில் இருக்கிற தூரம் எவ்வளவு என்று பெனாசிருக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. சொன்னால் அக்கா மறுபடியும் அந்த வேனில் உட்கார்ந்த முகமாகிவிடுவாள். அம்மா இனிமேல் புத்தகத்தைத் தொட விடமாட்டாள். சொல்லாவிட்டால், பிள்ளைக்கு ஏதாவது தொடங்கும்போது யாருக்கும் காரணம் தெரியாது. போன தடவையும் யாருக்கும் தெரியவில்லை.

சொன்னாள். மர்ஜியாவிடமும், சத்தம் கேட்டு வந்த அம்மாவிடமும், எல்லாவற்றையும்.

மர்ஜியா அழவில்லை. பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ரஷீதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் யார் குடித்தார்கள் என்று அவள் உதடு முணுமுணுத்தது. வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று, மக்கா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்து, பிஸ்மி சொல்லி, ஆளுக்கு ஒரு மூடி குடித்திருந்தார்கள். எல்லாருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருந்தாள். பதினோரு பேர். தன்னை அடிப்பாள் என்றுதான் பெனாசிர் நினைத்தாள்.

“நான் ஒட்டுன தாளு,” என்றாள் ரஷீதா. “நானே போய்ச் சொல்றேன். நீ புள்ளயத் தூக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போ.”

டாக்டரம்மா திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. தாய்ப்பாலைத் தவிர வேறு ஒன்றும் கொடுக்கக்கூடாது, மூன்று நாள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், இரண்டு தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் யோசிக்காமல் பெரம்பலூருக்கு வண்டி எடுக்க வேண்டும் என்றாள். ரஷீதா அதே நேரத்தில் வீடு வீடாகப் படி ஏறி, தான் கொடுத்தது ஜம்ஜம் இல்லை, ஆற்றுத் தண்ணீர் என்று தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். சிலர் கதவை மூடிக்கொண்டார்கள். நாலாவது வீட்டு சபுரா பீவி மட்டும் நம்பவே மாட்டேன் என்றுவிட்டாள். அதைக் குடித்து துஆ கேட்டதிலிருந்து தனக்கு மூட்டு வலி இல்லையாம். இப்போது வந்து ஆறு என்கிறாயே, வலியைத் திரும்பக் கொண்டாந்து கொடுத்துவிட்டுப் போகிறாயா என்று கேட்டாளாம்.

மூன்று நாளும் வீட்டில் யாரும் குரல் உயர்த்திப் பேசவில்லை. ஒவ்வொரு துணியையும் பெனாசிரே மாற்றினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நேரத்தை நோட்டில் குறித்தாள். இரண்டாம் நாள் பிள்ளை ஒரு தடவை பால் கக்கியது. அந்த அரை மணி நேரம் மர்ஜியா தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகக்குறி பதிந்தது. அதற்குப் பிறகு கக்கவில்லை. அடுத்த தெருவில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் உடனே ஆஸ்பத்திரி போய் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். அவர்களில் ஒருத்தி இன்று வரைக்கும் ரஷீதாவோடு பேசுவதில்லை.

நாலாம் நாள் குழந்தை வழக்கம்போல மஞ்சளாகப் போய், வழக்கம்போலக் கத்தியது. ரஷீதா அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். பெனாசிர் அப்போதும் அழவில்லை. அட்டவணையில் நாலாவது வரிசை ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு வாரம்.

மூன்றாவது வாரம்தான் அவள் நோட்டை மூடினாள்.

ஏப்ரல் மதிப்பெண் தாளில் செய்முறைக்கு நேராக ஆப்சென்ட் என்று வந்தது. அம்மா புத்தகத்தைப் பிடுங்குவாள் என்று காத்திருந்தாள். அக்டோபரில் மறுபடியும் எழுதலாமாமே என்று மட்டும் ரஷீதா ஒரு நாள் கேட்டாள். பணம் கட்ட அவளே போஸ்ட் ஆபீசுக்குப் போனாள்.

அக்டோபரில் பெனாசிர் கொண்டுபோன ஊற்றுத் தண்ணீர் ஆண்டாயி வீட்டுக் கீற்றுக் கொட்டகையில், ஈர மணல் போட்ட மண்பானையில் புதைத்த பாட்டிலில் இரவெல்லாம் இருந்தது. வூட்டுக்குள் வரவில்லை. ஒன்பதரை மில்லியில் நீலமானது. வாய்மொழித் தேர்வுக்கு அரியலூரிலிருந்து புதிதாக ஒரு தேர்வாளர் வந்திருந்தார். பாலசுந்தரம் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு குடிநீர் ஆதாரம் மாசுபட்டது தெரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வாளர் கேட்டார். குளோரின் போடுவது, ஆதாரத்தை மூடுவது, மாதிரி எடுத்து அனுப்புவது. மூன்றும் அவளுக்குத் தெரியும், வரிசையாகவே தெரியும்.

“குடிச்சவங்க வூட்டுக்குப் போய்ச் சொல்லணும் சார்,” என்றாள்.

தேர்வாளர் பாலசுந்தரம் சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தேர்வாளர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரிய ரிசல்ட் வரும் டிசம்பர் வரைக்கும் அவள் பயந்துகொண்டிருக்க வேண்டியிருந்தது.